நெடிய தட்டையும் நிறைந்த கதிரும்

கோடைதோறும் தீவனத்துக்கு அலைவது கரிசல் நாட்டுக் குடும்பங்கள் நன்கறிந்த துன்பம். கோவில்பட்டிப் பக்கம் நாம் பங்குப் பணியாற்றிய காலத்தில், நம் பொறுப்பிலிருந்த சிறுவர் விடுதிக்கு நான்கு பசுக்களின் பாலே ஆதாரம். மழைக்காலத்தில் மக்காச்சோளம் விளைத்து, நறுக்கி, காற்றுப் புகாத குழியில் இறுக்கி மூடினால், அது புளித்து ஊறுகாய்ப் புல்லாகிக் கோடை முழுவதும் கெடாதிருக்கும் என்றறிந்து, இரண்டு ஏக்கரில் விதைக்கத் துணிந்தோம்.

எந்த ரகத்தை விதைப்பது? தீவனத்துக்கென்றே பெயர் பெற்ற ‘ஆப்பிரிக்கன் டால்’ ஆளுயரத்துக்கு மேல் வளரும் எனக் கேட்டு, அதையே தேர்ந்தோம். “தட்டை பெருசா இருந்தாப் போதுமா சாமி? கார்த்திகையிலே மழை தப்பினாக் கதிர் பிடிக்காதே” என்றார் முதிய உபதேசியார். நாம் செவிமடுத்தோமில்லை.

புரட்டாசியில் விதைத்த பயிர் ஓங்கி வளர்ந்தது. பூக்கும் தறுவாயில் மூன்று வாரம் மழையில்லை. மக்காச்சோளம் தண்ணீருக்கு மிகவும் ஏங்கும் நாள்கள் அவையே. வறட்சியில் கதிரின் பட்டிழைகள் வெளிவரத் தாமதித்தன. அதற்குள் உச்சிப் பூவின் மகரந்தம் உதிர்ந்துவிட்டது. விளைந்தவை பொக்கைக் கதிர்கள். நல்ல ஊறுகாய்ப் புல்லின் சத்தில் ஏறத்தாழப் பாதி மணியிலிருந்தே வருவது. குழி நிறைந்திருந்தும் பங்குனியில் பால் குறைந்தது. பிள்ளைகளின் குவளையும் குறைந்தது. அக்குறை நம் மனத்தை உறுத்திற்று.

மறு ஆண்டு உபதேசியாரைத் துணைக்கொண்டே தேர்ந்தோம். உயரத்தை விட்டு மூன்றை நோக்கினோம்: மழை ஓயுமுன் முதிரும் குறுகிய வயது; பட்டிழையும் மகரந்தமும் ஏககாலத்தில் வரும் இயல்பு; தட்டைக்கேற்ற பருத்த கதிர். ஒரு ஏக்கரில் மட்டும் அத்தகைய ரகத்தை இட்டு, மறு ஏக்கரில் தீவனச் சோளம் விதைத்தோம். சோளம் வறட்சியில் வளர்ச்சியை அடக்கிக் காத்திருந்து, மழை கண்டதும் மீண்டும் தழைக்கும். வாடிய இளஞ்சோளத்தில் மட்டும் மாட்டை மேயவிடலாகாது, அதில் நஞ்சுண்டு.

மக்காச்சோள மணியில் பால் பாதியளவு கெட்டிப்பட்டதும் அறுத்தோம். முந்தினால் சாறு வடிந்து சத்துப் போகும். பிந்தினால் தட்டை உலர்ந்து, குழியில் இறுகாமல், பூஞ்சணம் பிடிக்கும்.

பயிர் முந்திய ஆண்டினும் குட்டையே. ஆயினும் குழியைத் திறந்தபோது இனிய புளிப்பு மணம் வீசிற்று. பசுக்கள் ஆவலுடன் தின்றன. குவளைகள் மீண்டும் நிறைந்தன.

விதை வாங்கச் செல்லும் அன்பர்களே, “எவ்வளவு உயரம்?” என்று வினவுமுன், “எத்தனை நாள் பயிர்?” என்று வினவுங்கள். அம்மண்ணில் உழுது நரைத்தவரின் சொல்லையும் கேளுங்கள். நாம் ஓராண்டு தாமதித்தே கேட்டோம்.