மேலே வர மறுத்த மோட்டார்

எங்கள் தேவதானத்தில் தண்ணீர் என்றால் சாஸ்தா கோயில் ஆறுதான். மலையிலிருந்து சிலுசிலுவென்று இறங்கி வரும். பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக் கொண்டு, கட்டிக் கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டு விட்டு வருவோம். மழை பலமாக இருந்தால் ‘ஆத்துப் பக்கம் போகாதே’ என்று பிள்ளைகளை அதட்டுவோம். அவ்வளவுதான் தண்ணீருக்கும் எங்களுக்கும் உள்ள சம்பந்தம். கொடைக்கானல் ஏரியில் ஒரு தடவை மிதிபடகில் ஏறிக் கண்ணை மூடிக் கொண்டவள் நான். அப்படிப்பட்டவள் படகு மோட்டாரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் வீட்டுக்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்?

2023 டிசம்பரில் நடந்தது இது. என் தங்கைக்கு ஏரல் பக்கம், தாமிரபரணிக் கரையோரம் ஒரு கிராமத்தில் வீடு. அவள் மகளுக்குத் தலைப்பிரசவம் ஆகி இருபத்திரண்டு நாள். “பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்க எனக்கு ஒத்தாசை வேணும்க்கா” என்று தங்கை கூப்பிட்டதும் பிரசவ லேகியம் கிண்டி எடுத்துக் கொண்டு, குழந்தைக்குத் தேய்க்கச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டிலும் பையில் வைத்துக் கொண்டு கிளம்பினேன்.

17-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். வாசலில் கோலம் போட முடியவில்லை. போட்ட மாவு கண்ணெதிரே கரைந்து ஓடியது. அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பின்னால்தான் தெரிந்து கொண்டோம். அந்தப் பக்கத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு இருக்காது! ஆற்றில் லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர், வழியில் உடைந்த குளங்களின் தண்ணீர் வேறு. மறுநாள் விடிவதற்குள் அடுப்படியில் இடுப்பளவு தண்ணீர் வந்து விட்டது. பிள்ளையைத் தூக்கிக் கொண்டு மாடி அறைக்கு ஓடினோம்.

கரண்ட் இல்லை. போன் இல்லை. நல்ல வேளை, தங்கை புருஷன் காஸ் அடுப்பையும் சிலிண்டரையும் மேலே ஏற்றி விட்டார். மழைத் தண்ணீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, கொதிக்க வைத்துக் குடித்தோம். துணி காயவே இல்லை. என் பழைய நூல் சேலை இரண்டைக் கிழித்துக் குழந்தைக்குச் சுற்றினேன். “பெரியம்மா, பயத்தில எனக்குப் பாலே வரலை” என்று பெண் அழுதாள். “வரும்டி, நீ பாட்டுக்கு பிள்ளையை மார்ல போட்டுக்கிட்டே இரு” என்று வெந்நீரைக் குடிக்கக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் இரவு குழந்தை வயிறு நிறைந்து தூங்கியது. அந்த வெள்ளத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் தூத்துக்குடிப் பக்கத்து மீனவர்கள் வந்தார்கள். பைபர் படகை லாரியில் ஏற்றிக் கொண்டு வந்து வெள்ளத்தில் இறக்கியிருந்தார்கள். 2015-ல் சென்னையிலும் 2018-ல் கேரளத்திலும் மீனவர்கள் இப்படித்தான் வந்தார்கள் என்று பேப்பரில் படித்திருக்கிறேன். அது நம் வீட்டு மாடிப்படிக்கே வந்து நிற்கும் என்று யார் நினைத்தது! படகில் அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர், அவருடைய தங்கை மகன் ஒருவன். நாங்களும் பக்கத்து வீட்டுப் பாட்டிகள் இருவரும் பிள்ளையுமாக ஏறிக் கொண்டோம். குழந்தையை நான் வாங்கிக் கொண்டேன். பின் பக்கம், மோட்டாருக்கு அருகில் எனக்கு இடம் கிடைத்தது.

தெரு வரைக்கும் சுகமாகத்தான் போயிற்று. பிறகு ஒரு வாழைத் தோட்டத்தின் மேலாகக் குறுக்கே போனோம். வாழை எல்லாம் சாய்ந்து தண்ணீருக்குள் கிடந்தது. திடீரென்று ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். மோட்டார் நின்று விட்டது. படகு ஒரு குலுக்கலோடு அப்படியே நின்றது. தண்ணீருக்கு அடியில் தோட்டத்து முள்கம்பி வேலி இருந்திருக்கிறது. மோட்டாரின் கால் அதில் மாட்டிக் கொண்டது.

இந்த மோட்டாரின் தலை மேலே இருக்கும். அதிலிருந்து கால் மாதிரி ஒரு தண்டு படகின் அடியைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கும். அதன் நுனியில்தான் சுழலும் விசிறி. ஆழமில்லாத இடம் வந்தால் தலையைப் படகுப் பக்கம் இழுத்துச் சாய்ப்பார்கள், கால் மேலே எழும்பி விடும். எதிலாவது முட்டினால் தானாகவே எழும்பவும் வேண்டும். அன்றைக்கு எழும்பவில்லை. பெரியவர் பக்கத்து நெம்புகோலை விடுவித்து விட்டுத் தலையைப் பிடித்து இழுக்கிறார், அசையவே இல்லை. இரண்டு கையாலும் இழுத்தார், ஊஹூம். வெள்ளம் பின்னாலிருந்து படகைத் தள்ளிக் கொண்டே இருக்க, பின் பக்கம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே வழிய ஆரம்பித்தது.

ஒரு பாட்டி எழுந்து விட்டாள். “எந்திரிக்காத தாயி! உக்காந்த மேனிக்கே எல்லாரும் முன்னால நகருங்க, ஒவ்வொருத்தரா” என்று பெரியவர் சத்தம் போட்டார். படகில் நிற்கக் கூடாது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். குழந்தையைத் தங்கை கையில் கொடுத்து அனுப்பி விட்டேன். எனக்குக் கால் ஓடவில்லை, அங்கேயே உட்கார்ந்து விட்டேன்.

“மாமா, இன்னும் பலமா இழுங்க!”

“இழுத்தா வராதுலே. கொக்கிக்கு மேல பாரம் நிக்கி.”

அந்தப் பையன் கயிற்றோடு மார்பளவு தண்ணீரில் குதித்தான். பின்னால் நின்ற பனை மரத்தில் கயிற்றைச் சுற்றி, படகை ஒரு சாண் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக் கொண்டான். பெரியவர் இப்போது மோட்டாரைத் தன் பக்கம் இழுக்கவில்லை. அதற்கு நேர்மாறாக வெளியே தள்ளினார்! தள்ளிப் பிடித்துக் கொண்டே உள்ளே இருந்த கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். ‘டக்’ என்றது. கொக்கி விட்டு விட்டது. ஆனாலும் கீல் பாதிக்கு மேல் திரும்பவில்லை. உப்புத் துரு.

“தாயி, பையில எண்ணெய் கிண்ணெய் இருக்கா?”

பாட்டிலை அப்படியே நீட்டினேன். பிள்ளைக்குத் தேய்க்கிற எண்ணெயைக் கீலின் இரண்டு பக்கமும் கவிழ்த்து, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டினார். எத்தனை தடவை ஆட்டினார் என்று எண்ணவில்லை, நான் எங்கள் ஊர் தவம் பெற்ற நாயகியை எண்ணிக் கொண்டிருந்தேன். கடைசியில் முனகிக் கொண்டே கால் மேலே வந்தது, கம்பியின் அடையாளம் பளபளவென்று அதில் தெரிந்தது. உடனே ஒரு முளையைத் தள்ளித் தாங்கல் கொடுத்தார். “இது இல்லேன்னா தடால்னு விழுந்து கைய எடுத்துரும்” என்றார். பையன் மேலே ஏறிக் கொள்ள, மூங்கில் கழியால் ஊன்றியே மேட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

கரையில் இறங்கிய பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது. பெரியவர் பீடியைப் பற்ற வைத்துக் கொண்டு மருமகனைப் பிடிபிடியென்று பிடித்தார். அந்த மோட்டார் அவர்களுடையது இல்லையாம், அவசரத்துக்கு இரவல் வாங்கி வந்தது. ஆழத்திலேயே நிற்கிற படகுக்குப் போட்டு, மாதக் கணக்கில் தூக்காமலே வைத்திருந்தார்களாம். “தூக்காத கீலு இறுகிப் போகும்லே. கடலுக்குப் போய்ட்டு வந்தா நல்ல தண்ணி விட்டுக் கழுவணும், கிரீஸ் வைக்கணும், வேலை இருக்கோ இல்லையோ ஒரு தடவை தூக்கி இறக்கணும்” என்றார். பின்னோக்கி ஓட்டும்போது கால் துள்ளி எழும்பாமல் இருக்கத்தான் அந்தக் கொக்கியாம். முன்னோக்கிப் போகும்போது அது விட்டிருக்க வேண்டும். துருவேறிப் பூட்டியபடியே நின்று விட்டது.

பெரிய மோட்டார்களில் கையால் இழுக்க வேண்டாமாம், பட்டனை அழுத்தினால் எண்ணெயின் அழுத்தத்தில் தானே எழும்புமாம். “பட்டன் வேலை செய்யலேன்னா?” என்று விடாமல் கேட்டேன். (இந்த வாய்தான் எங்கள் வீட்டில் பிரசித்தம்.) முதலில் பாட்டரியையும் பியூசையும் பார்க்க வேண்டும், பிறகு எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எதுவும் இல்லையென்றால் தாங்கிப் பிடிக்கிற சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும், அதைத் தளர்த்தினால் ஆள் பலத்தால் தூக்கி விடலாம் என்றார்.

“அது சரி, இழுக்க வேண்டியதை ஏன் தள்ளினீங்க?”

“உங்க வீட்டுப் பின்கதவு மழைக்கு உப்பிக்கிட்டா எப்படித் தாயி தாழ்ப்பாளத் தொறப்பீங்க?”

எனக்குச் சட்டென்று புரிந்து விட்டது. கதவை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கொண்டு அல்லவா தாழ்ப்பாளை இழுப்போம்! கம்பி ஒரு பக்கம் இழுக்க, கொக்கி அதைப் பிடித்துக் கொண்டு நிற்க, நாமும் அதே பக்கம் இழுத்தால் கொக்கி இன்னும் இறுகத்தானே செய்யும்? பையன் படகைப் பின்னுக்கு இழுத்ததும் அந்தப் பாரத்தைக் குறைக்கத்தான்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் எங்கள் சாய்க்கும் கிரைண்டரைப் பார்த்தேன். அதற்கும் ஒரு பூட்டு, ஒரு கீல். மாவை வழித்து எடுத்தே பழகி விட்டு, அதைச் சாய்த்து மாதங்கள் ஆகியிருந்தன. இழுத்தால் வரவில்லை! மாவு காய்ந்து பாறையாகி இருந்தது. வெந்நீர்த் துணியால் ஊற வைத்துத் துடைத்து, ஈரம் போன பிறகு எண்ணெய் விட்டேன். இப்போதெல்லாம் மாவு ஆட்டாத நாளிலும் ஒரு தடவை சாய்த்து நிமிர்த்துகிறேன். பிளக்கைப் பிடுங்கி விட்டுத்தான், அதையும் சொல்லி விடுகிறேன்.

அன்று கரையில் பெரியவர் காலிப் பாட்டிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “பச்சப் புள்ளைக்கு எண்ணெய் இல்லாமப் பண்ணிட்டோமே” என்று அவருக்கு அது ஒரு குறை. நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் எங்களைத் தேடிக் கொண்டு வந்தான். கையில் புதுத் தேங்காய் எண்ணெய் பாட்டில். காசு வாங்க மறுத்து விட்டான். குழந்தையை ஒரு தடவை பார்த்தான், கன்னத்தைத் தொடலாமா என்று கையை நீட்டி, கை முழுக்கக் கிரீஸாக இருந்ததால் பின்னுக்கு இழுத்துக் கொண்டான்.