அளவு பிழைத்த கதிரை

பதினெட்டு வருசமாக நின்றுகொண்டே சம்பளம் வாங்குகிற ஆள் நான். லண்டனில் நான் வேலை செய்யும் றெஸ்ரோரண்ட் குசினியில் கதிரை என்ற சாமானே இல்லை. அப்படிப்பட்ட எனக்குப் போன மாதம் ஒரு கதிரை பூட்டுகிற வேலை வந்து சேர்ந்தது. அதுவும் ரேஸ் காருக்கு!

மகளுக்கு 17 வயது. அவளும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரும் எங்கள் கராஜுக்குள் 'லோகோஸ்ட்' என்ற கார் ஒன்றைக் கட்டுகிறார்கள். 1957இல் கொலின் சப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவனின் சாயலில், சதுரக் குழாய்களை ஒட்டிச் சட்டம் செய்து, பழைய கார் ஒன்றின் எஞ்சினை அதில் ஏற்றுவது. 250 பவுணுக்கே செய்யலாம் என்று ரொன் சாம்பியன் 1996இல் புத்தகம் எழுதினார். நாங்கள் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டோம். மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதீர்கள்.

ஒரு திங்கட்கிழமை எனக்கு லீவு. மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். கதிரை பெட்டிக்குள் கிடந்தது. அவள் வர முதல் பூட்டிவைத்தால் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். கதிரையை உள்ளே வைத்து, ஏறி இருந்து, காலை நீட்டிப் பார்த்து, சோக்கட்டியால் அடையாளம் போட்டு, நாலு ஓட்டை துளைத்துப் பூட்டியும் விட்டேன்.

பின்னேரம் வந்தவள் ஏறி இருந்தாள். கிளச்சை மிதிக்கப் போனாள். கால் எட்டவில்லை. நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். அவள் ஐந்தடி இரண்டு.

"அப்பா, ஆர் ஓடப்போறது? நீங்களா, நானா?"

கிழவர் வாய்க்குள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல்நாள் இரவுதான் அவளோடு சண்டை. அவளுக்குப் பட்டறையில் சேர்ந்து வேலை பழக விருப்பம். நான் யுனிவேர்சிற்றிக்கு அப்ளிகேஷன் போடு என்று நிற்கிறேன். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தவன் நான். 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டினதோடு என் படிப்பும் பூட்டுப்பட்டது. திருகோணமலைக்குக் கப்பல், பிறகு கொழும்பு, பிறகு இந்தக் குசினி.

கிழவர் முறையைச் சொல்லித் தந்தார். ஓடுகிற ஆள் ஹெல்மெற்றும் உடுப்பும் போட்டுக்கொண்டு இருக்கவேண்டும். கிளச்சை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கவேண்டும். தோளைக் கதிரையிலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்ரியறிங்கின் உச்சியில் படவேண்டும். ஹெல்மெற் உச்சி பின்னாலுள்ள றோல் பாருக்குக் கீழே நிற்கவேண்டும். இடுப்புப் பட்டி வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் இருக்கவேண்டும். தோள்பட்டி தோளுக்கு மிகக் கீழேயிருந்து இழுத்தால், மோதும்போது முள்ளந்தண்டை நசுக்கும்.

கடைசியாகக் குனிந்து என் போல்ற்றுகளைப் பார்த்தார். நான் போட்டிருந்தது சின்ன வாஷர். தலையை ஆட்டினார்.

அங்கேதான் என் பழைய பௌதிகம் முழித்தது. மகள் 55 கிலோ. பின்னால் ஒருவன் வந்து இடித்து, வேகமாற்றம் புவியீர்ப்பின் 20 மடங்கு என்று வைத்தால், கதிரையில் ஏறுகிற விசை 1100 கிலோ பாரத்துக்குச் சமன். மெல்லிய தகட்டில் சின்ன வாஷர் அப்படியே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சர்வதேச விதியில் 8 மில்லிமீற்றருக்குக் குறையாத நாலு போல்ற், அடியில் 3 மில்லிமீற்றர் தடிப்பான இரும்புத் தகடு என்று இருப்பது சும்மா இல்லை. கணக்குப் போட்ட கை நடுங்கியது. பரீட்சைத் தாளில் இந்தச் சமன்பாட்டுக்குள் பிள்ளையை வைத்து யாரும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் மாமாவிடம் ஒரு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் நின்றது. பொருளாதாரத் தடைக் காலம். காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடுவார். சீற்றின் ஸ்பிறிங் வெளியே வந்து சாக்கு மடித்துப் போட்டிருந்தது. முன்னுக்கு நாலு பேர். மாமா கதவில் அரைவாசி தொங்கிக்கொண்டு ஓட்டுவார். இடம் கிடைத்ததே பெரிது, அளவு பார்ப்பார் யார்? நானும் அந்த ஆட்களில் ஒருவன்தானே. எனக்கு அளவெடுக்கத் தோன்றவேயில்லை.

அடுத்த ஞாயிறு மகளை ஹெல்மெற்றோடு இருத்தி, முதுகுக்கும் பக்கத்துக்கும் பலகைத் துண்டுகள் செருகி, "இப்ப காணுமே? இப்ப?" என்று கேட்டுக் கேட்டு அளந்தோம். ஒரு கதிரைக்கு மூன்று மணித்தியாலம். என்னுடைய நாலு ஓட்டைகளையும் கிழவர் ஒட்டி அடைத்தார். குனிந்து பார்த்தால் தழும்பு தெரியும்.

அன்றைக்கு நான் அப்ளிகேஷன் கதை எடுக்கவில்லை. அடுத்தநாளும் எடுக்கவில்லை. இனி எடுக்கவே மாட்டாயா என்று கேட்காதீர்கள். நானும் ஒரு தமிழ் அப்பாதானே. ஆனால் இரவு வேலையால் வந்ததும், கராஜுக்குள் போய் நாலு போல்ற்றையும் ஒருக்கால் இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.