மூடிய கை

ஆசையாக வளர்த்த ஒன்றை உங்கள் கையாலேயே மூடியதுண்டா, சகோதரிகளே?

லிவர்பூல் நகரத்து ஃப்ரீடா கெல்லி மூடினார். 1962-ல், 17 வயதில், பீட்டில்ஸ் பாடகர்களின் மானேஜரிடம் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ரசிகர் சங்கக் காரியதரிசியும் ஆனார். தம் வீட்டு விலாசத்தையே கொடுத்துவிட, கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. ரிங்கோ ஒரு ராத்திரி தலை வைத்துத் தூங்க வேண்டுமென்று ஒரு பெண் தலையணை உறை அனுப்பினாளாம். ஃப்ரீடா அதை ரிங்கோவின் தாயாரிடம் சேர்த்து, பிள்ளையாண்டான் தூங்கி எழுந்ததும் திருப்பி அனுப்பினார்!

1970-ல் கோஷ்டி கலைந்தது. 1972-ல் சங்கமும் மூடப்பட்டது. கையிலிருந்த நினைவுப் பொருள்களில் பெரும்பாலானவற்றை ரசிகர்களுக்கே கொடுத்துவிட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

2013-ல் வெளிவந்த டாகுமெண்டரிப் படத்தில் இதைக் கண்டபோது எனக்குக் கோபமே வந்தது. விற்றிருந்தால் லட்சாதிபதியாகியிருப்பாரே!

பிறகு என் பீரோவைத் திறந்தேன். உள்ளே தொடர்கதை பைண்டுகள். ஒரு காலத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் கைமாற்றிப் படித்து, கதாநாயகிக்காகச் சண்டை போட்டோம். இன்று கேட்டு வருவாரில்லை. ஆனாலும் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். யாருக்காக?

ரசிகர்களால் வந்தது ரசிகர்களுக்கே போயிற்று, ஃப்ரீடா நஷ்டப்படவில்லை. நாளைக்கு அந்த நால்வருக்கும் பைண்டுகளைப் பங்கிடப் போகிறேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். கோபிக்கமாட்டீர்களே?