மக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி

1/ ஒண்ணு, ரெண்டு, மூணாம் வகுப்பு படிக்கிற பிள்ளை வீட்டுல இருக்கா? அப்போ இந்த இழை உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க.

2/ அருமனை பக்கத்துல இருக்கிற எங்க கிளினிக்குக்கு வர்ற பெற்றோர் அடிக்கடி சொல்ற குறை இது: "ஸ்கூல்ல பாட்டு, கதை, பொம்மலாட்டம், விதை எண்ணுறதுன்னே ஒரு வாரம் போயிருது டாக்டரே, படிப்பு எப்போ?"
எனக்கு அந்த வாரம் வேற மாதிரி தெரியுது. திங்கள் முதல் வெள்ளி வரை நடக்கிற ஒரு உடல் பரிசோதனை அது. ரிசல்ட்டை வாங்கத்தான் யாரும் போறதில்லை.

3/ கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஒண்ணாம் வகுப்பறையையே பார்க்காமல் ரெண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் ஏராளம். அந்த இடைவெளியை அடைக்க 2022 ஜூனில் வந்ததுதான் 'எண்ணும் எழுத்தும்' திட்டம்.
எந்த வகுப்பு என்பதை விட எந்த நிலையில் பிள்ளை இருக்கு என்பதுதான் இதில் கணக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். அதனால் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கு. டாக்டருக்கும் வேண்டியது அந்தக் கவனிப்புதான்.

4/ முதல்ல காது.
பாட்டு நேரத்தில் எல்லாரும் கை தட்டின பிறகு ஒரு பிள்ளை மட்டும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தட்டுதா? 'பல்' என்று சொன்னால் 'கல்' படத்தைக் காட்டுதா? வீட்டில் டிவி சத்தம் கூட்டி வைக்குதா? காதைச் சோதிக்கணும்.

5/ ரெண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தனை அவன் அம்மா கூட்டிட்டு வந்தாங்க. "மண்டையில ஒண்ணும் ஏறல்ல டாக்டரே. மக்குப் பய." பையன் தலையைத் தூக்கவே இல்லை.
பார்த்தா, ரெண்டு செவிப்பறைக்கும் பின்னால் நீர். சளி பிடிச்சுப் பிடிச்சு வர்றது. வலி இருக்காது, சீழ் வடியாது, அதனால வீட்டுல யாருக்கும் தெரியாது. காதுல விரலை வைச்சு அடைச்சுக்கிட்டுப் பாடம் கேட்ட மாதிரிதான் அவன் கேட்டுட்டு இருந்திருக்கான்.
டீச்சர்கிட்ட சொல்லி முன் வரிசையில் உட்கார வைச்சோம். இது பெரும்பாலும் மூணு மாசத்துக்குள்ள தானே வத்திரும், அவனுக்கும் வத்திருச்சு. வத்தலைன்னா காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்கணும். நீர் போயிருச்சு. மக்குங்கிற பேரு போக இன்னும் நாளாகும்.

6/ அடுத்து கண்.
பட அட்டையை மூக்குக்கிட்ட கொண்டு போறது, பலகையைப் பார்க்காம பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுறது, தலையைச் சாய்ச்சுப் பார்க்கிறது. இதெல்லாம் குறும்பு இல்லை.
ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைஞ்சா பிள்ளை சொல்லவே சொல்லாது, இன்னொரு கண் சமாளிச்சிரும். அதைச் சின்ன வயசிலேயே, ஏழு வயசுக்குள்ள பிடிச்சா பலன் அதிகம். தள்ளிப் போட்டா பிறகு கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராமல் போகலாம்.

7/ கை.
ஆறு வயசுப் பிள்ளை எழுத்தைத் திருப்பிப் போட்டா பயப்படாதீங்க. ஏழு வயசு வரை இது சகஜம். அதுக்கு மேலயும் தொடர்ந்தா, வாசிக்கவும் ரொம்பத் திணறினா, காட்டுங்க. இடது கையால எழுதினா அடிச்சு மாத்தாதீங்க.

8/ விதை எண்ணுற வேலை நல்லது, விரலுக்கும் கணக்குக்கும். ஆனா நம்ம ஊர்ல ஒரு எச்சரிக்கை. புளியங்கொட்டை போதும். ரப்பர் விதையில் நஞ்சு உண்டு. குன்றிமணியைக் கடிச்சு விழுங்கினா உயிருக்கே ஆபத்து. ரெண்டையும் கொடுத்து விடாதீங்க.
மூக்கில் விதை போயிட்டா நீங்களே தோண்டாதீங்க, தண்ணியும் விடாதீங்க, ஊறிப் பெருத்திரும். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாத்தத்தோட சளி வந்தா உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

9/ வயிறு.
விடியறதுக்கு முன்னாடியே பால் வெட்டப் போற வீடுகள் இங்க நிறைய. பிள்ளை கட்டஞ்சாயா மட்டும் குடிச்சிட்டு வரும். பதினொரு மணிக்குக் கதை நேரத்தில் தூங்கும். சோம்பேறின்னு பேரு வாங்கும்.
2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023-ல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. கூச்சப்படாம சாப்பிட அனுப்புங்க. சாப்பிட்டும் சோர்வா இருந்தா ரத்தசோகை இருக்கான்னு பாருங்க. பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் லீவு போட வைக்காதீங்க.

10/ செலவு இல்லாத வேலை ஒண்ணு சொல்றேன். வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வரப் போகும்போது டீச்சர்கிட்ட "எத்தனை மார்க்?"னு கேக்காதீங்க. இந்த மூணையும் கேளுங்க:
கூப்பிட்டா உடனே திரும்புதா?
பலகையில் உள்ளதைத் தானே பார்த்து எழுதுதா?
மத்தியானத்துக்கு முன்னாடியே சோர்ந்து போகுதா?
பதில்ல சந்தேகம் வந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. தேவைப்பட்டா ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுப்பாங்க. பள்ளிக்கு ஆண்டுதோறும் வர்ற மருத்துவக் குழுகிட்டயும் காட்டலாம்.

11/ காதுக்கு மருந்து உண்டு, கண்ணுக்குக் கண்ணாடி உண்டு, ரத்தசோகைக்கு இரும்புச்சத்து உண்டு. ஏழு வயசில் "நான் மக்கு"ன்னு நம்பிட்ட பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க என்கிட்ட சீட்டு இல்லை. அதனால அந்த வார்த்தையைச் சொல்றதுக்கு முன்னாடி, ஒரு தடவை பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க.

உங்க ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல பகிருங்க.