சிட்டு ஏன் மூன்று தரம் உருட்ட வேண்டும்?

டேபிள்டொப் கேம்களில் எனக்கு ஆகப் பிடித்த வசனம் ஒன்று இருக்கிறது: "நான் பாயிறன்." அவ்வளவுதான். கூரையிலிருந்து கூரைக்குப் பாயலாம். ஓடுகிற வண்டியில் தொற்றலாம். ராட்சதனின் கால்களுக்கு நடுவால் குட்டிக்கரணம் அடித்து மற்றப் பக்கம் போகலாம். அதைச் சொன்னவுடன், அதுவரை கதைத்துக்கொண்டிருந்த எல்லாரும் ஒரு செக்கன் வாயை மூடுவார்கள். அந்த ஒரு செக்கனுக்காகத்தான் நான் இன்னும் விளையாடுகிறேன் போல.

இதுவரை விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாக: நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கதை சொல்கிறோம். ஒருவர் கதையை நடத்துவார், அவரை டிஎம் என்போம். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். நடக்குமோ நடக்காதோ தெரியாத ஒன்றைச் செய்யப் போனால், இருபது முகமுள்ள டைஸை உருட்டி, அந்தத் திறமைக்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும். டிஎம் வைத்த இலக்கைத் தொட்டால் சரி. 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' இந்த வகையில் மூத்தது, 1974இல் வந்தது. நாங்கள் விளையாடுவது அதன் 2014 பதிப்பு.

என் பாத்திரத்தின் பெயர் சிட்டு. ஹாஃப்லிங் இனம், மூன்றடி உயரம், தொழில் களவு. முதல் லெவலிலேயே அக்ரோபாட்டிக்ஸ் +7. "மந்திரக்காரி எடுத்திருக்கலாமே" என்று கூட்டாளிகள் கேட்டார்கள். எனக்கு மந்திரம் வேண்டாம், கழைக்கூத்துத்தான் வேண்டும். பன்னிரண்டு வயது வரை எங்கள் வளவில் நான் ஏறாத மரம் இல்லை, பாயாத மதில் இல்லை. பிறகு சாமத்திய வீடு நடந்தது. அதோடு அம்மம்மா சொன்னா: "இனி உந்தப் பாயிறது, ஏறுறது எல்லாம் ஏலாது பிள்ளை." கோபமாகச் சொல்லவில்லை. அவவுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அன்று தொடக்கம் என் உடம்பு அடக்கமாக நடக்கப் பழகிவிட்டது. சிட்டுவுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை.

இந்தத் திறமைக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1985இல் வந்த 'அன்எர்த்ட் ஆர்கானா' புத்தகத்தில் திருடர்-அக்ரோபாட் என்று தனியாக ஒரு வகுப்பே இருந்தது. கயிற்றில் நடத்தல், கோலூன்றிப் பாய்தல், உயரம் பாய்தல், நீளம் பாய்தல், கரணமடித்தல் என்று ஸ்கூல் விளையாட்டுப் போட்டி மாதிரி ஒரு அட்டவணை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் சமநிலை, பாய்தல், கரணம், ஏறுதல் எல்லாம் வேறு வேறு திறமைகள். ஒவ்வொன்றுக்கும் புள்ளி பிரித்துப் போட்டு முடிய, கையில் வேறொன்றுக்கும் மிச்சம் இருக்காது. 2009இல் 'பாத்ஃபைண்டர்' வந்தபோது முதல் மூன்றையும் அக்ரோபாட்டிக்ஸ் என்ற ஒரே பெயருக்குள் போட்டார்கள்.

2014 பதிப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. அக்ரோபாட்டிக்ஸ் என்றால் விழாமல் நிற்பது, கரணமடிப்பது, பிடியிலிருந்து நழுவுவது. ஏறுவதும் பாய்வதும் பலத்தோடு சேர்ந்த அத்லெட்டிக்ஸ் பக்கம் போய்விட்டன. பத்தடி ஓடிவந்து பாய்ந்தால் உங்கள் பலம் எத்தனையோ அத்தனை அடி. அதற்கு டைஸே தேவையில்லை. சிட்டுவின் பலம் 8, ஆகவே எட்டடி. இரும்புக் கவசம் போட்ட எங்கள் போர்வீரனின் பலம் 18. அவன் அந்தக் கவசத்தோடேயே பதினெட்டடி பாய்வான். கழைக்கூத்தாடி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதைக்கூடச் சமாளிக்கலாம். உண்மையான பிரச்சினை வேறு. ஒரு நாள் சாராயக்கடைச் சண்டை. சிட்டு மேசையில் ஏறி, தொங்குகிற விளக்கைப் பிடித்து ஊஞ்சலாடி, எதிரியின் முதுகுக்குப் பின்னால் இறங்க வேண்டும். டிஎம் அண்ணா சொன்னார்: "சரி, மேசைக்கு ஒண்டு உருட்டு. விளக்குக்கு ஒண்டு. இறங்கிறதுக்கு ஒண்டு." மூன்றுக்கும் இலக்கு 15.

கணக்கைப் பாருங்கள். +7 இருந்தால் டைஸில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் பதின்மூன்று வாய்ப்பு, அதாவது 65 வீதம். நல்ல எண். ஆனால் மூன்றும் தொடர்ந்து சரிவர வேண்டுமென்றால் 65 வீதத்தை மூன்று தரம் பெருக்க வேண்டும். வருவது ஏறத்தாழ 27 வீதம். நாலு தரம் முயன்றால் ஒரு தரம் சரிவரும். பக்கத்தில் போர்வீரன் ஒரே ஒரு தரம் உருட்டி வாளால் வெட்டிவிட்டுப் போகிறான். இலக்கை யாரும் கூட்டவில்லை, சட்டத்தையும் யாரும் மாற்றவில்லை. உருட்டுகிற எண்ணிக்கையை மட்டும் கூட்டி, கூட்டத்திலேயே கெட்டிக்காரியான கழைக்கூத்தாடியைத் தடுக்கிவிழுகிற ஆளாக்கிவிட்டோம்.

மூன்றாம் கிழமை சிட்டு பாய்வதை நிற்பாட்டிவிட்டாள். கதவுக்குப் பக்கத்தில் நின்று கத்தி எறிந்தாள். பிழையில்லை, எதிரி செத்தான். ஆனால் அந்த ஒரு செக்கன் அமைதி திரும்ப வரவே இல்லை.

ஆட்டம் முடிந்த பிறகு அண்ணாவோடு கதைத்தேன். அவருடைய பக்கமும் நியாயம்தான்: "ஒரே உருட்டில எல்லாம் முடிஞ்சா, ஆபத்து எண்டு ஒண்டும் இருக்காதே தங்கச்சி. பிறகு பலத்துக்குப் புள்ளி போட்டவன் என்னத்துக்கு?" ஏறுவது, நீளம் பாய்வது எல்லாம் அத்லெட்டிக்ஸாகவே இருக்கட்டும், அதை நான் கேட்கவில்லை என்றேன். நான் கேட்டது சின்ன விசயம். கடைசியில் மூன்று உடன்பாட்டுக்கு வந்தோம்.

முதலாவது, "அக்ரோபாட்டிக்ஸ் உருட்டுறன்" என்று சொல்வதில்லை. என்ன செய்கிறேன், எதற்குச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, ஒரு வித்தைக்கு ஒரு உருட்டு. 'பர்னிங் வீல்' என்ற இன்னொரு கேமில் இது எழுதி வைத்த சட்டம்: ஒரு தரம் உருட்டினால், நிலைமை உண்மையாகவே மாறும் வரை அந்த முடிவுதான். மூன்றாவது, உருட்டுவதற்கு முன்னமே தவறினால் என்ன நடக்கும் என்று டிஎம் சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் உருட்டத் தேவையில்லை. இதில் புதினம் எதுவும் இல்லை. தோல்விக்கு ஒரு அர்த்தம் இருந்தால் மட்டும் உருட்டக் கேளுங்கள் என்று 2014 டிஎம் புத்தகமே சொல்கிறது.

ஆபத்து குறையவில்லை, கூடத்தான் செய்தது. முந்தி தவறினால் "விழுந்திட்டாய், அடுத்த ஆள்". இப்போது "விளக்கைப் பிடிச்சிட்டாய், ஆனா சங்கிலி அறுந்து கடை நெருப்புப் பிடிக்குது". பத்தடியிலிருந்து விழுந்தால் ஆறுமுக டைஸ் ஒன்று உருட்டுகிற அளவு காயம்தான். கடை எரிந்தால் கதையே வேறு.

இவ்வளவு கணக்கு எதற்கு, வெறும் விளையாட்டுத்தானே என்று கேட்கலாம். எங்கள் கூட்டத்தில் பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு மாலை வகுப்புக்குப் போவதே ஒரு வித்தை. வீட்டில் அனுமதிக்கு ஒரு உருட்டு. ரோட்டில் போகிறவன் சொல்வதைக் காதில் வாங்காமல் கடக்க ஒரு உருட்டு. ஆறு மணிக்கு முதல் வந்து சேர ஒரு உருட்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னது, நியாயமானதும்கூட. மூன்றையும் பெருக்கிப் பார்த்தால்தான், பிள்ளைகள் ஏன் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்று விளங்கும். "ஏலாது" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

போன கிழமை அவளுடைய பாத்திரம் மணிக்கூண்டின் உச்சியில் நின்றது. கீழே வைக்கோல் வண்டி. அவள் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, நான் பாயலாமா?" அண்ணா சொன்னார்: "கேக்காத. சொல்லு."

நீங்களும் கேம் நடத்துகிறவர் என்றால், அடுத்த தரம் யாராவது பாய்கிறேன் என்று சொல்லும்போது, எத்தனை தரம் உருட்டச் சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.