டயோக்ளீஷியனும் ஒரு பழைய செல்போன் சார்ஜரும்

முதலில் ஒரு வாக்குமூலம். ஆயிரத்து எழுநூறு வருஷம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த ஒரு காசைப் பன்னிரண்டே நிமிஷத்தில் கொன்றவன் நான். ஆயுதம்: ஒரு பழைய செல்போன் சார்ஜர், ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர், அப்புறம் கூடவே பிறந்த அவசர புத்தி.

இந்த வியாதி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2022ல் ஆபீசில் என்னை ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு ஆன்சைட் அனுப்பினார்கள். வாரத்தில் ஐந்து நாள் ஆணி பிடுங்கல். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊரே கடையைச் சாத்திவிடும். (ஜெர்மனியில் ஞாயிறன்று பால் பாக்கெட்டுக்கு அலைந்தவர்களுக்கு என் சோகம் புரியும்.) அப்படி ஒரு ஞாயிறு, போரடித்துப் போய் ரயிலேறி ட்ரியர் போனேன். ரோமானியர்கள் கட்டிய கறுப்பு வாசல் கோபுரம் இன்னும் அப்படியே நிற்கிற ஊர். அங்கே மியூசியத்தில் ஒரு செப்புக்காசு. அடியில் டி, ஆர் என்று இரண்டே எழுத்து. ட்ரியரில் அச்சடித்தது என்று அர்த்தமாம். எந்த ஊரில் நிற்கிறேனோ அந்த ஊரிலேயே செய்த காசு! அன்றைக்கு விழுந்தவன்தான்.

சரி, கொஞ்சம் வரலாறு. தூங்கிவிடாதீர்கள், சுருக்கமாக முடிக்கிறேன் :)

கி.பி. 284ல் டயோக்ளீஷியன் பதவிக்கு வருகிறார். அதற்கு முந்தைய ஐம்பது வருஷத்தில் ரோமுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள். அதில் படுக்கையில் நிம்மதியாகச் செத்தவர்கள் மிகக் கொஞ்சம். ஒரே சர்வரில் இவ்வளவு லோடு தாங்காது என்று மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. 286ல் மேக்ஸிமியனைச் சமமான பேரரசர் ஆக்கி மேற்குப் பக்கத்தைக் கொடுத்தார். 293ல் கெலேரியஸ், கான்ஸ்டான்டியஸ் என்று இரண்டு ஜூனியர்கள். இதுதான் நால்வர் ஆட்சி. 305 மே 1ஆம் தேதி சீனியர்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் பதவி விலகினார்கள்.

இவர்கள் 294 வாக்கில் பெரிய செப்புக்காசு ஒன்று கொண்டுவந்தார்கள். சுமார் பத்து கிராம். உள்ளே நூற்றில் மூன்று நாலு பங்குதான் வெள்ளி. மேலே மட்டும் மெல்லிசாக வெள்ளிப் பூச்சு. ஒரு பக்கம் பேரரசர் தலை. மறுபக்கம் கையில் கிண்ணமும் பழங்கள் வழியும் கொம்புமாக நிற்கும் ரோம மக்களின் காவல் தெய்வம். லண்டனிலிருந்து அலெக்ஸாண்ட்ரியா வரை கிட்டத்தட்ட எல்லா அக்கசாலையிலும் அதே டிசைன். தலையைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. நாலு பேருக்கும் ஒரே மூஞ்சி! சதுரத் தலை, ஒட்ட வெட்டிய தாடி, தடித்த கழுத்து. சுற்றியிருக்கும் எழுத்தைப் படித்தால்தான் யார் யாரென்று தெரியும். ஆள் முக்கியமில்லை, பதவிதான் முக்கியம் என்று காட்டத்தான் அப்படி.

முதல் காசு கான்ஸ்டான்டியஸ். ட்ரியரில் அச்சானது. ஒரு காசுக் கண்காட்சியில் 45 யூரோ கொடுத்து வாங்கினேன். அப்புறம் ஒன்று, இன்னொன்று. தராசு ஒன்று வாங்கி எடை போட்டேன். 296 வாக்கில் அடித்தது 9.8 கிராம். 307ஆம் வருஷத்துக் காசு 6.7. 310 வாக்கில் வந்தது 4.4. மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தால் விலைவாசி எப்படி ஏறியிருக்கும் என்று வாத்தியார் இல்லாமலே புரிந்துவிடும். 301ல் டயோக்ளீஷியன் கோதுமை முதல் முடிவெட்டுக் கூலி வரைக்கும் உச்ச விலை நிர்ணயித்து, மீறினால் மரண தண்டனை என்று ஆணை போட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம்தான் புத்தி கெட்டது. 'சுத்தம் செய்யாத காசுகள், ஐம்பது, மொத்தமாக' என்று ஒரு வியாபாரி வைத்திருந்தார். காசு ஒன்று இரண்டரை யூரோ. மண் கட்டி மாதிரி இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். சூதாட்டம் மாதிரி ஒரு போதை. வாலை வடிநீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, பல் குத்தும் குச்சியால் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். ஒரு பெரிய காசின் ஓரத்தில் மண் விலகி மினுக்கென்று வெள்ளி தெரிந்தது. பூச்சு போகாமல் அப்படியே இருக்கிறது! எனக்குக் கை நிற்கவில்லை. மின்சாரம் விட்டால் சீக்கிரம் மண் கழன்றுவிடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். சார்ஜர் ஒயரை வெட்டினேன். பன்னிரண்டு நிமிஷம் கழித்து எடுத்தால், வெள்ளியும் இல்லை, எழுத்தும் இல்லை. புதுக் குழாய் மாதிரி ரோஸ் கலரில் ஒரு செப்பு வட்டம். முகம் மட்டும் மங்கலாக. நாலு பேரில் யார் என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுபடி அந்த வியாபாரியைப் பார்த்தபோது ஏனோ கேட்கத் தோன்றியது: "இதெல்லாம் எங்கே கிடைத்தது?"

"பால்கன் பக்கம்" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பதில் எனக்குப் பழக்கமான பதில். சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன். நான் கரூர்க்காரன். கோடையில் அமராவதி வற்றினால் மணலைச் சலித்துக் காசு தேடுபவர்கள் உண்டு. எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது அப்புச்சி கூட ஆற்றுக்குப் போனேன். சல்லடைக்காரர் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு பச்சைக் காசைக் காட்டி, "ரோமாபுரிக் காசு கண்ணு" என்றார். அப்புச்சி, "எந்த எடத்துல கெடச்சுதுங்க?" என்று கேட்டார். "அதெல்லாம் ஆருங்க குறிச்சு வெக்கறாங்க? ஆத்துலதானுங்க" என்று சிரித்தார். அப்புச்சி அதைப் பத்து ரூபாய்க்கு வாங்கினார்.

குறித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை. 2010 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஃப்ரோம் ஊருக்குப் பக்கத்தில் டேவ் கிரிஸ்ப் என்பவர் வயலில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுகிறார். ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்தவர். காசு நிறைந்த ஒரு பானையின் வாய் தட்டுப்பட்டது. என்னைப் போல ஆளாக இருந்தால் கையை விட்டு அள்ளியிருப்பான். அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளைக் கூப்பிட்டார். தொல்லியல்காரர்கள் அடுக்கடுக்காக எடுத்தார்கள். மொத்தம் 52,503 காசு, சுமார் 160 கிலோ. அதில் கராஸியஸ் காசுகளும் இருந்தன. டயோக்ளீஷியனை எதிர்த்து 286 முதல் 293 வரை பிரிட்டனைத் தனியாக ஆண்டவர் அவர். பானையிலேயே கடைசிக் காலத்துக் காசு அவருடையதுதான். வருஷாவருஷம் சேமித்த பானை என்றால் அது மேலே அல்லவா இருக்க வேண்டும்? பெரும்பாலானவை பாதிப் பானைக்குக் கீழே இருந்தன. அப்படியென்றால் சிறுகச் சிறுகச் சேர்த்ததில்லை, ஒரே சமயத்தில் கொட்டிப் புதைத்தது. இது எந்தக் காசிலும் எழுதியிருக்கவில்லை. காசு எந்த அடுக்கில் கிடந்தது என்பதில் இருந்தது.

நான் வாங்கிய ஐம்பதும் இப்படி ஒரு பானையில் இருந்திருக்கலாம். யாரோ ராத்திரியில் தோண்டி, வாரி, கிலோ கணக்கில் விற்று, என்னிடம் வந்து சேர்ந்திருக்கலாம். பல்கேரியா மாதிரி நாடுகளில் மண்ணுக்கடியில் கிடைக்கும் பழம்பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம். சார்ஜரில் நான் கொன்றது ஒரு காசு. அதற்கு முன்பே அந்த ஐம்பதின் கதையையும் காசு கொடுத்து அழித்திருக்கிறேன். லாக் ஃபைலை டெலீட் பண்ணிவிட்டு பக் தேடுகிற ஆளை ஆபீசில் எப்படித் திட்டுவோம்? அதே வேலையைத்தான் சம்பளப் பணத்தில் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் மொத்தச் சரக்கு வாங்குவதில்லை. பழைய சேகரிப்புகளிலிருந்து, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சீட்டோடு வருவதை மட்டும் வாங்குகிறேன். வருஷத்துக்கு இரண்டு தேறினால் பெரிசு. எக்ஸெலில் எல்லாவற்றுக்கும் ஒரு வரி. 'கிடைத்த இடம்' என்று ஒரு காலம் போட்டிருக்கிறேன். மேலிருந்து கீழ்வரை காலி. அந்த ரோஸ் காசு என் மானிட்டருக்குக் கீழேதான் இருக்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்புச்சியின் மேஜை டிராயரைக் குடைந்தேன். விபூதி டப்பாவுக்குள் அந்தப் பச்சைக் காசு. நால்வர் காலத்துக்குப் பிந்தியதாக இருக்கும், தேய்ந்துபோய் ஒன்றும் படிக்க முடியவில்லை. "அப்புச்சி, அன்னைக்கு நாம ஆத்துல எங்க நின்னோம், ஞாபகம் இருக்குங்களா?" என்று கேட்டேன். எண்பத்து மூன்று வயசு. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"பழைய பாலத்துக்குத் தெக்கால, ஒரு இருவது முப்பது அடி இருக்கும். கரையோரமாத்தான். நீ செருப்பத் தண்ணில உட்டுட்டு அழுதியேடா."

ஒரு துண்டுச் சீட்டில் அதை அப்படியே எழுதி, காசோடு சேர்த்துக் கவரில் போட்டேன். செருப்பையும் சேர்த்துத்தான்.