ஒளியை நிறுக்கும் தராசு

நாம் வானியல் கற்றவரல்லோம். ஆயினும் எத்துறையிலும் முடிவைச் சொல்பவரைப் பார்க்கிலும் தராசைப் பிடித்திருப்பவரையே முதலில் நோக்குவது நமது வழக்கம். அவ்வழக்கமே நமீபியாவின் கோமாஸ் மேட்டுநிலத்தில் நிற்கும் எச்.ஈ.எஸ்.எஸ். தொலைகாட்டிகளைப் பற்றி நம்மைத் தேடி வாசிக்கச் செய்தது.

காமாக் கதிர் நிலத்தை எட்டுவதில்லை. வளிமண்டலத்தில் மோதித் துகள் மழையாய்ச் சிதறுகிறது. அம்மழை சிந்தும் நீல ஒளியோ, ஒரு செக்கனை நூறு கோடி கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளே நிலைப்பது. அதை ஏந்தும் 12 மீற்றர் அகலத் தொலைகாட்டி ஒவ்வொன்றிலும் 380 சிறு ஆடிகள், கூரையில்லை. காற்றும் புழுதியும் பட்டு ஆண்டுக்காண்டு பளபளப்புக் குன்றும். நேற்று நூறாகத் தெரிந்த ஒளி இன்று எண்பதாகத் தெரிந்தால், குன்றியது வான்பொருளா, ஆடியா?

இதற்கு விடை காண்பது கணனிச் செய்நிரல். ஒளியே இல்லாதபோதும் கருவி காட்டும் எண்ணை அது கழிக்கிறது. எல்லா ஒளிக்கலங்களுக்கும் ஒரே விளக்கைக் காட்டி அவற்றின் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்கிறது. பின்னர் மியூவனைத் தேடுகிறது. ஆடியருகே விழும் மியூவன் படத்தில் வளையமாய்ப் பதியும். வளையத்தின் ஆரையைக் கொண்டு எவ்வளவு ஒளி வந்திருக்க வேண்டுமெனக் கணக்கிடலாம். வந்த ஒளியை அதனுடன் ஒப்பிட, ஆடியின் தேய்வு வெளிப்படும். பிற வேளைகளில் தொல்லையென ஒதுக்கப்படும் துகளே இங்கே படிக்கல்லாகிறது!

2018 இல் எச்.ஈ.எஸ்.எஸ். குழுவினர் ஏறத்தாழ 28 மணி நேர அவதானங்களை உலகுக்கு வழங்கினர். நல்ல காரியம். ஆனால் அவை அளவுத்திருத்தம் முடிந்த பின் எழுதிய பட்டியல்கள். பொட்டலம் நம் கையில், தராசு உள்ளே. இரு வேறு கணிப்பு முறைகளைத் தனித்தனியே நடத்தி, ஒன்றால் மற்றதை அவர்கள் சோதிப்பதை நாம் மதிக்கிறோம். எனினும் சோதிப்பவரும் அவர்களே அன்றோ?

லா பால்மாத் தீவிலும் சிலி நாட்டிலும் எழுந்துவரும் செரென்கோவ் தொலைகாட்டி வரிசைக்கென ஆக்கப்படும் சீ.ரீ.ஏ.பைப் என்னும் மென்பொருளில் தராசே முற்றத்துக்கு வந்துவிட்டது. மூலநிரலை எவரும் எடுத்து வாசிக்கலாம், திருத்தம் கூறலாம். பொதுமக்கள் பணத்தில் எழும் கருவிக்கு இதுவே முறை. சாதாரண மனிதன் இதை வாசிக்கவா போகிறான் எனச் சிலர் நகைப்பர். சந்தையில் தராசுத் தட்டைத் தட்டிப் பார்ப்பவரும் நூற்றில் ஒருவர்தாம். அவருக்காகவே வியாபாரி படிக்கல்லைத் துடைத்து வைக்கிறான்.

மியூவன் வளையத்துக்குரிய பகுதியை நாம் இரவிரவாக வாசித்தோம். பாதி விளங்கிற்று. மீதியைக் கணிதம் கற்பிக்கும் நண்பரொருவருடன் வரும் போயா விடுமுறையன்று வாசிப்பதாக இருக்கிறோம்.